பந்தியின் தர்மம்

மனிதன் உண்பதும் பருகுவதும் உடலைக் காப்பதற்கு மட்டுமே என்றிருந்தால், உலகத்துச் சமயங்கள் யாவும் அடுப்பங்கரையிலும் பந்தியிலும் இத்தனை கவனம் செலுத்த வேண்டிய அவசியமே நேர்ந்திராது. எதை உண்ணலாம், எதை விலக்க வேண்டும், யாருடன் அமரலாம், எந்நாளில் பட்டினி கிடக்க வேண்டும் என்று முனிவர்களும் துறவியரும் தீர்க்கதரிசிகளும் விரிவாக விதித்துச் சென்றார்கள் என்றால், மனிதன் தன் சுபாவத்தை உண்ணும் இடத்தில் மறைக்கவியலாமல் காட்டிவிடுகிறான் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள் என்பதே பொருள். அவ்விதிகளுள் ஆதிகாலந்தொட்டு இன்றுவரை தீராத விவாதத்துக்கு இடமளித்து வருவது மதுவைப் பற்றிய விதி.

கெடா மாநிலத்தின் தலைநகரான அலோர் ஸ்டாரை ஒட்டி, பட்டறைகளும் குடியிருப்புகளுமாக அமைந்துள்ள மெர்கோங்கில் வாழும் தமிழருக்கு இது ஏட்டளவில் நின்றுவிடும் பிரச்னை அன்று. மதுவை முற்றிலும் விலக்கிய மார்க்கத்தைச் சேர்ந்த மலாய்க்காரர்கள் நமக்கு அண்டை வீட்டார். விருந்தில் மதுவை இயல்பாக வைக்கும் சீனர்கள் நமக்குத் தொழிலிலும் வியாபாரத்திலும் கூட்டாளிகள். நம் வீடுகளிலேயோ, தைப்பூசத்துக்கு மண்டல விரதம் இருப்பவரும், முனியாண்டி பூஜையில் சாராயம் படைப்பவரும் ஒரே கூரையின்கீழ் வாழ்கிறார்கள். அண்மைக் காலத்தில் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் ஜெர்மானிய முறையில் அமைந்த உணவகங்களுக்கு நம் இளைஞர்கள் மனைவி மக்களோடு சென்று, நீண்ட பெஞ்சுகளில் அமர்ந்து, பொரித்த இறைச்சியும் உப்புத் தூவிய ரொட்டியும் உண்டு, பெரிய கண்ணாடிக் குவளைகளில் பீர் அருந்தி வருவதைக் கேள்வியுற்ற பெரியவர்கள், ‘கள்ளுக்கடையை ஒழிக்கப் பாடுபட்ட வம்சத்தில் பிறந்த பிள்ளைகளா இவர்கள்?’ என்று மனம் நோகிறார்கள். இளைஞர்களோ, ‘குடும்பத்தோடு உண்ணும் இடத்தில் அளவாகப் பருகுவதில் என்ன பாவம்?’ என்று கேட்கிறார்கள். இரு தரப்பாரும் உண்மையான ஒரு விஷயத்தைத் தொட்டிருப்பதால், இக்கேள்வியை நிதானமாக விசாரிப்பது நம் கடமையாகும்.

முதலில், இளைஞர்களைக் கவர்ந்த அவ்வுணவகங்களுக்கு முன்மாதிரியான பீர்த் தோட்டம் எவ்வாறு பிறந்தது என்று பார்ப்போம். தென்ஜெர்மனியின் பவேரியாவில் 1516-ஆம் ஆண்டில் கோமகன் நான்காம் வில்ஹெல்ம், பார்லி, ஹாப்ஸ், நீர் ஆகிய மூன்றையன்றி வேறெதுவும் பீரில் சேரலாகாது என்று இங்கோல்ஸ்டாட் நகரில் விதித்தார். இன்ன காலத்தில் இன்ன விலைக்குமேல் விற்கலாகாது என்பதையும் அதே சட்டம் வரையறுத்தது. கோடையில் பீர் காய்ச்சுவது பின்னர் தடுக்கப்பட்டமையால், குளிர்காலத்தில் காய்ச்சியதைக் கெடாமல் வைத்திருக்க மியூனிக் நகரத்துக் காய்ச்சுநர்கள் ஆழ்ந்த நிலவறைகளைத் தோண்டி, அவற்றின்மேல் வெயில் படாதிருக்கும்பொருட்டு, அகன்ற இலைகளும் ஆழமாய் இறங்காத வேர்களும் உடைய செஸ்ட்நட் மரங்களை நட்டு வளர்த்தார்கள். அம்மரநிழலில் பெஞ்சுகளைப் போட்டு அவர்கள் நேரடியாகவே பீர் விற்கத் தொடங்கியபோது, தங்கள் பிழைப்புக் கெடுகிறதென்று விடுதிக்காரர்கள் மன்னரிடம் முறையிட்டார்கள். மன்னர் முதலாம் மாக்ஸிமிலியன் யோசேப் 1812 ஜனவரி 4-ஆம் நாள் பிறப்பித்த ஆணை இரு தரப்பையும் ஒருவாறு திருப்தி செய்வதாக இருந்தது: காய்ச்சுநர்கள் தம் நிலவறைகளில் பீர் விற்கலாம், ஆனால் ரொட்டியைத் தவிர வேறு ஆகாரம் எதையும் பரிமாறலாகாது.

வியாபாரப் பூசலைத் தீர்ப்பதற்காகப் பிறந்த அந்த ஆணை, அதை இயற்றியவர்களே எதிர்பாராத ஒரு நற்பயனை விளைவித்தது. பீருக்குத் துணையாக உண்ண வேண்டியதை மக்கள் வீட்டிலேயே சமைத்துக் கூடையில் எடுத்து வந்தார்கள். சமைத்தவளும் உடன் வந்தாள், குழந்தைகளும் வந்தார்கள். ஒரே பெஞ்சில் முன்பின் அறியாதவர்கள் தோளுரச அமர்ந்தார்கள். இன்றைக்கும் பவேரியாவின் பழமையான தோட்டங்களில், விரிப்பு விரிக்காத மேஜைகள் சொந்த உணவு கொண்டுவருவோருக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கின்றன. இதில் நாம் ஊன்றிக் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. மதுவை விற்பவன் அங்கே பந்தியின் எஜமானனாக இல்லை, பந்தி குடும்பத்தினுடையது. எப்போது வருவது, எதை உண்பது, எப்போது எழுவது என்பதையெல்லாம் நிர்ணயிக்கும் அதிகாரம் குடிப்பவனுடைய வீட்டாரிடமே இருந்தது.

அளவாகப் பருகினால் குற்றமில்லை என்னும் வாதத்தை இந்த வெளிச்சத்தில்தான் பரிசீலிக்க வேண்டும். மேலோட்டமாகப் பார்த்தால் அது நியாயமாகவே தோன்றுகிறது. பாவம் பொருளில் உறைகிறது என்று சொல்வதற்கில்லை. ஏனெனில் தென்னம்பாளையிலிருந்து வடியும் சாறு, கலயத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தால் குழந்தைகளும் பருகத்தக்க பதநீராகவும், தடவாவிட்டால் சில மணி நேரத்துக்குள் நுரைத்துக் கள்ளாகவும் மாறுகிறது. எனவே பாவம் மனிதனுடைய சித்தத்தில் உறைகிறது, சித்தத்தை அடக்கியாள்பவனுக்குத் தீங்கில்லை என்று சிலர் முடிவு செய்கிறார்கள். ஆனால் அளவை நிர்ணயிக்க வேண்டிய விவேகம் எதுவோ, அதையே மது முதலில் மங்கச் செய்கிறது. முதற் குவளைக்கு முன் தெளிவாகத் தெரிந்த எல்லை மூன்றாவது குவளைக்குப் பின் தெரிவதில்லை. தெரியவில்லை என்பதும் குடித்தவனுக்குத் தெரிவதில்லை. ஆகவே, குடிப்பவனே தன் அளவுக்குக் காவலனாக இருப்பான் என்பது தத்துவ ரீதியில் நிற்காத வாதம். அளவு என்பது அவனுக்கு வெளியே, அவனைச் சூழ்ந்திருப்போரிடத்தில், வேளையில், உணவில், வழக்கத்தில் குடிகொண்டிருக்க வேண்டும். அங்கே அது இல்லையெனில், எங்குமே இல்லை.

நம் முன்னோர் இதை அறிந்திருந்தார்கள் என்பதற்குத் திருக்குறளின் அமைப்பே சான்று. புலால் மறுத்தலை அறத்துப்பாலில் துறவற நெறியோடு சேர்த்து வைத்த திருவள்ளுவர், கள்ளுண்ணாமையைப் பொருட்பாலில், 93-ஆம் அதிகாரமாக வைத்தார்; பல பதிப்புகளில் காணும் பகுப்பின்படி அது நட்பியலில் அடங்குகிறது. நட்பு, கூடா நட்பு, இகல், பகை என்று மனிதருக்கும் மனிதருக்கும் இடையே உள்ள உறவின் ஆக்கத்தையும் அழிவையும் ஆராயும் வரிசையில் அது நிற்பது தற்செயல் என்று நான் கருதவில்லை. கள்ளுண்பவன் ஊராரின் மதிப்பை இழக்கிறான், பெற்ற தாயும் காணப் பொறாதவனாகிறான் என்னும் வகையில் செல்லும் அவ்வதிகாரத்தின் கவலை, பெரிதும் உறவு சிதைவதைப் பற்றிய கவலையாகவே இருக்கிறது. திருமூலரும் தம் திருமந்திரத்தின் முதல் தந்திரத்தில் கள்ளுண்ணாமைக்குத் தனிப் பகுதி வகுத்து, அறிவை மயக்கும் தேறலை விலக்கிச் சிவானந்தம் என்னும் தேறலை நாடுமாறு வழிகாட்டுகிறார்.

அதே தமிழில், இவ்விரு நூல்களுக்கும் முற்பட்ட சங்கப் பாடல்களில், கள் கொடையின் அடையாளமாகவும் போற்றப்படுகிறது. அதியமான் மறைந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலையில், கள் குறைவாயிருந்த நாளில் அவன் அதைத் தனக்கென வைத்துக்கொள்ளாமல் தம் போன்றோருக்கு அளித்ததும், நிறைந்திருந்த நாளில் அவர்களோடு கூடி மகிழ்ந்து உண்டதும் நினைவுகூரப்படுகின்றன. சங்கப் புலவரும் வள்ளுவரும் இவ்விஷயத்தில் முரண்படுகிறார்கள் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கோ, இருவரும் ஒரே உரைகல்லில் உரசிப் பார்ப்பதாகவே படுகிறது. அதியமானின் பந்தியில் கள் உறவை வளர்த்தது, ஆகவே பாடப்பட்டது; வள்ளுவர் கண்ட உலகில் அது உறவை அழித்தது, ஆகவே கடியப்பட்டது.

மேலைநாட்டுத் துறவியரும் இதே சிக்கலைச் சந்தித்திருக்கிறார்கள். ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தம் மடத்தாருக்கு வகுத்த விதிநூலில், துறவிகளுக்கு மது தகாது என்பதைத் தாம் அறிந்திருந்தும், தம் காலத்தவரை அவ்வாறு இணங்கச் செய்ய இயலாமையால், நாளொன்றுக்கு ஒருவருக்கு இவ்வளவு என்று ஒரு சிறு அளவை அனுமதித்தார். முற்றிலும் விலக்கும் வலிமையை இறைவன் எவருக்கு அளித்தானோ அவருக்குத் தனிப் பலன் உண்டென்றும் சேர்த்துச் சொன்னார். பருகுபவரும் விலக்குபவரும் ஒரே மடத்தில், ஒரே பந்தியில், ஒருவரையொருவர் இகழாமல் அமர்வதற்கு அவ்விதி இடமளித்தது. மியூனிக் நகரில் பதினேழாம் நூற்றாண்டு முதல் பீர் காய்ச்சிய பாலானர் துறவிகள், தவக்கால உபவாசத்தின்போது கெட்டியான பீரையே ஆகாரமாகக் கொண்டார்கள் என்பதும் வரலாறு. அங்கேயும் அளவைக் காத்தது தனிமனிதனின் மனவுறுதி அன்று, மடத்தின் ஒழுங்கே.

இனி நம் தோட்டப்புறங்களுக்கு வருவோம். மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் கள்ளுக்கடை நிர்வாகத்தின் அனுமதியோடும் மேற்பார்வையோடும் நடந்தது. அதன் லாபம் தொழிலாளர் நலனுக்கே செலவாகிறதென்று சமாதானமும் சொல்லப்பட்டது. விடியுமுன் பெரட்டு எனப்படும் ஆள்கணக்கெடுப்புக்கு எழுந்து, பால் வெட்டிச் சேர்த்து, நண்பகலுக்குமேல் ஓய்ந்து போன தொழிலாளி, வெறும் வயிற்றோடு அக்கடைக்குச் சென்றான். மனைவியும் மக்களும் லயத்தில் காத்திருக்க, அவன் அங்கே தனியனாகவோ, தன்னைப் போன்றே ஓய்ந்து போனவர்களோடோ குடித்தான். கூலியைக் கொடுத்த ஸ்தாபனமே அக்கூலியைத் திரும்பப் பெறும் இடத்தையும் ஆண்டது. மியூனிக் நகரத்துத் தோட்டத்தில் பந்தி குடும்பத்தினுடையதாயிருந்தது என்றோமே, இங்கே அதற்கு நேர்மாறாகப் பந்தி என்பதே இல்லை. குடிப்பவனும் ஊற்றுபவனும் மட்டுமே இருந்தார்கள். அளவைக் காக்க வேண்டிய மனைவியின் கண்ணும், குழந்தையின் பசியும், நண்பனின் சொல்லும் அக்கடையின் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தன. அதில் வீழ்ந்தவனை மட்டும் பாவி என்று ஏசுவது எங்ஙனம் தர்மமாகும்?

இந்த அநீதியைத் தொழிலாளர்களே உணர்ந்திருந்தார்கள். 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் முதலானோரின் தலைமையில் எழுந்த வேலைநிறுத்தத்தில், கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கையாக வைக்கப்பட்டது. யுத்தம் முடிந்தபின், நம் கெடா மண்ணிலேயே, பீடோங்கை அடுத்த ஹார்வர்ட் தோட்டத்தைக் கேந்திரமாகக் கொண்டு ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து தலைநிமிர்ந்து நடக்கக் கற்றுக்கொண்ட தலைமுறையின் உணர்வு அதில் கலந்திருந்தது. அவர்கள் கள்ளுக்கடை வாசல்களில் மறியல் செய்தார்கள். 1947-இன் முற்பகுதியில் போலீஸாரோடு மோதல்கள் மூண்டு, உயிர்ப்பலியும் சிறைவாசமும் நேர்ந்தன. சில இடங்களில் குடித்தவர்களைத் தண்டிக்கும் அளவுக்கு அவர்களுடைய கண்டிப்பு முற்றியது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. நான் அதை ஆதரிக்கவும் இல்லை. எனினும், அவ்வியக்கத்தின் சாரம் தண்டனை அன்று. குடிப்பவனுக்கும் ஊற்றுபவனுக்கும் இடையே, அதுவரை காலியாயிருந்த இடத்தில், உறவும் ஊரும் வந்து நின்றன. ஒருவன் குடித்து அழிவது அவன் சொந்த விஷயம் மட்டுமன்று, எங்கள் விஷயமும் ஆகும் என்று அச்சமுதாயம் உரத்துச் சொன்னது. நட்பியலில் வள்ளுவர் வைத்த அதிகாரத்துக்கு இதனினும் மேலான உரையை எந்தப் பண்டிதரும் எழுதியதாக நான் அறியேன்.

அப்படியானால் முனியாண்டிக்கும் மதுரை வீரனுக்கும் நாம் படைக்கும் மதுவுக்கு என்ன பதில் என்று கேட்கலாம். சுருட்டும் சாராயமும், இந்நாட்டில் பீர்ப் பாட்டிலும்கூட, காவல் தெய்வங்களின் சந்நிதியில் வைக்கப்படுவதை அநாகரிகம் என்று ஒதுக்குவோர் நம்மிடையே உண்டு. நான் அவ்வாறு ஒதுக்கத் துணியமாட்டேன். காட்டை அழித்துத் தோட்டம் போட்ட காலத்தில், பாம்புக்கும் காய்ச்சலுக்கும் நடுவே, அத்தெய்வங்களையன்றி வேறு துணையறியாத ஏழை, தான் எதை மதிப்புடையதாகக் கருதினானோ அதையே அவர்களுக்கு அளித்தான். தானுண்ணும் ஆகாரத்தைத் தெய்வத்தோடு பகிர்வது பக்தியின் மிகப் பழைய வடிவங்களுள் ஒன்று. ஆனால் படையலின் தர்மம், அது எல்லோர் முன்னிலையிலும், குறித்த நாளில், ஊர் கூடி நிற்க, முறைப்படி நிகழ்வது என்பதில் அடங்கியிருக்கிறது. பூஜையைச் சாக்காகக் கொண்டு மறுநாளும் அதற்கு மறுநாளும் குடிப்பவன், தெய்வத்துக்குரிய அவ்வொழுங்கைக் களவாடித் தன் பலவீனத்துக்குப் போர்த்திக்கொள்கிறான்.

கூடியிருப்பது ஒன்றே போதும், கூட்டம் தானாகவே அளவைக் காத்துவிடும் என்று எண்ணுவதும் பிழை. நெடிய மேஜைகளும் சிநேகபாவமும் நிறைந்த அதே மியூனிக் நகரில், 1920 பிப்ரவரியில் ஹோஃப்ப்ராய்ஹவுஸ் என்னும் புகழ்பெற்ற பீர்க் கூடத்தில்தான் ஹிட்லர் தன் கட்சியின் கொள்கைத் திட்டத்தை முழங்கினான். 1923 நவம்பர் 8-ஆம் நாள் பியூர்கர்ப்ராய்கெல்லர் என்னும் மற்றொரு பீர்க் கூடத்தில்தான் ஆட்சியைக் கைப்பற்ற எழுந்தான். அவனோ பிற்காலத்தில் மதுவைப் பெரும்பாலும் தவிர்த்தவன். இவ்வுண்மை குடிப்பவர், குடிக்காதவர் ஆகிய இரு சாராரையும் எச்சரிக்கிறது. தோளோடு தோள் உரச அமர்ந்து உண்ட அம்மக்களின் தோழமை, அம்மேஜையில் யாருக்கு இடமில்லையோ அவரை வெறுக்கக் கற்றபோது, எந்த மதுவினும் கொடிய மயக்கமாயிற்று. மது அருந்தாமை ஒருவனை நல்லவனாக்கிவிடாது என்பதும் அதிலிருந்தே விளங்குகிறது. ஆகவே பந்தியின் தர்மத்தை ஆராயும்போது, அங்கே யார் அமர்ந்திருக்கிறார்கள் என்று கேட்பதோடு, யார் அமர முடியாமல் இருக்கிறார்கள் என்றும் கேட்க வேண்டும்.

ஊற்றுபவனின் கடமையையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஏனெனில் நம் நீதிநூல்களைப் படிப்போர் குடிப்பவனுக்கு உபதேசிப்பதோடு நின்றுவிடுகிறார்கள். ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமராயிருந்தபோது, 1937 அக்டோபர் முதல் நாள் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கினார். அதனால் கஜானாவுக்கு நேர்ந்த நஷ்டத்தை ஈடுசெய்ய 1939-இல் விற்பனை வரியைக் கொண்டுவந்தார். குடிப்பவன் மட்டுமல்லாமல் அரசும் தன் ஆசையைத் துறந்தாக வேண்டும் என்பதை அவர் ஏற்றார் என்பதே அச்செயலின் மகத்துவம். அதே தமிழ்நாட்டில் 1983-இல் மது விற்பனைக்கென்று அரசே ஒரு வாணிபக் கழகத்தை அமைத்ததும், 2003 முதல் சில்லறைக் கடைகளையும் அதுவே நடத்தி வருவதும் நாம் அறிந்தவை. நம் நாட்டிலும், கள்ளுக்கடையின் செல்வாக்குக் குறைந்தபின் சம்சு என்னும் மலிவான சாராயம் தோட்டத்து ஏழைகளைப் பற்றிக்கொண்டது. பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் அதை எதிர்த்து நெடுங்காலம் போராடியது. மிகுதியாகக் குடிப்பவனால் மிகுதியாக லாபமடைபவன் எவனோ, அவன் கையில் அளவை ஒப்படைக்கலாகாது. அந்தக் கை தோட்டத் துரையுடையதாயினும், வியாபாரியுடையதாயினும், ஜனங்கள் தேர்ந்தெடுத்த அரசாங்கத்துடையதாயினும் பேதமில்லை.

இவ்வாறு விசாரித்துக்கொண்டு வரும்போது, நம் மலாய் அண்டை வீட்டாரின் மார்க்கம் இவ்விஷயத்தில் கைக்கொண்ட முறையும் சிந்திக்கத்தக்கதாகிறது. மதுவில் சிறிது நன்மை உண்டெனினும் அதன் தீமை பெரிதென்று முதலில் உணர்த்தி, பின்னர் மயங்கிய நிலையில் தொழுகைக்கு வரலாகாதென்று விதித்து, இறுதியில் அதை அறவே விலக்குமாறு கட்டளையிட்டது திருக்குர்ஆன் என்பர் அம்மார்க்கத்து அறிஞர். படிப்படியாக வந்த அவ்விலக்கு, சமுதாயம் முழுவதும் ஒருங்கே ஏற்றமையால், தனிமனிதன் சபலத்தோடு தன்னந்தனியே போராட வேண்டிய அவசியத்தைப் பெருமளவு நீக்கிற்று. நாம் அவ்விதியின்கீழ் வாழவில்லை. ஆயினும், விலக்கு என்பதும் ஒருவகையில் சமுதாயம் தன் பலவீனருக்கு அளிக்கும் துணையே என்னும் படிப்பினை நமக்கும் உரியதே.

ஆகவே இளைஞர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இது. ஜெர்மானிய முறை உணவகத்தில் நீங்கள் கண்ட திறந்த வெளியும், குடும்பமும், உணவும், சிநேகமும் மதிக்கத்தக்கவை. அவற்றுக்கு உயிரூட்டுவது குவளையில் உள்ள பானம்தான் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். உங்களுள் ஒருவன் ‘எனக்கு வேண்டாம்’ என்று சொன்னால், ஏன் என்று கேளாமல், கேலி பேசாமல், மோரோ தேநீரோ அவன் முன் வைத்து அவனையும் சரிசமமாக நடத்தும் பந்தியா உங்களுடையது? குடியிலிருந்து மீளப் போராடும் ஓர் அண்ணனோ மாமாவோ அங்கே அச்சமின்றி அமரக்கூடுமா? வீட்டுக் கல்யாண விருந்துக்கு அழைக்கப்பட்ட மலாய் நண்பர், தனக்கென ஹலால் உணவு தனியே பரிமாறப்பட்டது என்பதோடு அமையாமல், தன்னை எண்ணியே மேஜை அமைக்கப்பட்டது என்று உணர்வாரா? இம்மூன்றுக்கும் ஆம் என்று சொல்ல இயலாத பந்தியில், ஒரு துளி மது இல்லாவிட்டாலும் தர்மம் குறைவுபட்டிருக்கிறது. மது இருந்தாலோ, அக்குறை ஆபத்தாக மாறுகிறது.

பெரியவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். மதுவை விலக்கி வாழ்வது உயர்ந்த விரதம் என்பதில் எனக்கு ஐயமில்லை. நானும் அந்த விரதத்தையே மேற்கொண்டிருக்கிறேன், என் மக்களுக்கும் அதையே விரும்புகிறேன். ஆனால் விலக்கியவன் பந்தியைவிட்டு எழுந்து வெளியே நின்று சபித்தால், அளவைக் காக்க வல்ல ஒரே மனிதனும் அங்கிருந்து போய்விட்டான் என்றாகிறது. ஹார்வர்ட் தோட்டத்துத் தொண்டர்கள் கடையிலிருந்து தொலைவில் நின்று உபதேசிக்கவில்லை. தம் சகோதரர்கள் விழும் இடத்துக்கே சென்று நின்றார்கள். தெளிந்த அறிவோடு இருப்பவன், மயங்கக்கூடியவனின் பக்கத்தில் அமர்ந்து, அவனோடு உண்டு, அவன் பேச்சைக் கேட்டு, எழ வேண்டிய வேளையில் அவன் கையைப் பிடித்து எழுப்பி வீட்டுக்கு அழைத்துச் செல்வானாயின், அவனுடைய விரதம் அவனுக்கு மட்டும் புண்ணியம் சேர்ப்பதாக நில்லாமல் பிறருக்கும் அரணாகிறது. மெர்கோங்கிலும் பீடோங்கிலும் சுங்கைப்பட்டாணியிலும் நம் வீட்டு விசேஷங்களில் அத்தகைய ஒருவர் மேஜைக்கு ஒருவராக அமர்வதை இனி ஒரு வழக்கமாகவே ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். அதற்குச் சட்டமும் வேண்டாம், பணமும் வேண்டாம், குடும்பப் பெரியவர்கள் தீர்மானித்தாலே போதும்.